சான்டா கிளாரா கவுண்டியில் வீடு பார்க்கும்முன்: எதற்கு யார் பொறுப்பு?

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டிக்குக் குடிவருகிற நம்மவர்கள் முதலில் கேட்பது "எந்த ஊரில் வீடு பார்க்கலாம்?" என்றுதான். டெக்சாஸிலிருந்து மாறி வரப்போகிற என் தங்கையும் அதையே கேட்டாள். ஊர்ப்பெயரை விட்டுவிடு, ஒரு முகவரியைக் கையில் எடுத்துக்கொள் என்று சொன்னேன். அந்த வாசலுக்குப் பள்ளி எது, கரண்ட் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அவசரத்துக்கு அழைத்தால் எந்த போலீஸ் வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இங்கே இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு, ஒன்றோடொன்று பொருந்தாது. அவளுக்கு ஃபோனில் சொன்னதையெல்லாம் சேர்த்து, புதிதாக வருகிற எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் சன்னிவேலில் பல வருடங்களாக இருக்கிறேன். எங்கள் குடியிருப்புக்கு வரும் புதுக் குடும்பங்களோடு பள்ளிச் சேர்க்கை, மருத்துவக் காப்பீடு, நூலக அட்டை என்று கூடவே போய் வருவது என் வழக்கம்.

நம் ஊர் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு கவுண்டியைப் பார்த்தால் குழம்பிவிடும். கலெக்டர் மாதிரி எல்லாத் துறைக்கும் மேலே அரசு நியமித்த ஒருவர் இங்கே கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் 5 மேற்பார்வையாளர்கள் கொண்ட சபைதான் கவுண்டியை நடத்துகிறது. ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் ஆகியோரும் தனித்தனியாகத் தேர்தலில் நின்று வருகிறவர்கள். இதற்குள் 15 நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நகரசபை. வடக்கே பாலோ ஆல்ட்டோ, தெற்கே கில்ராய், நடுவில் தலைநகரான சான் ஹோசே. இவை போதாதென்று பள்ளி மாவட்டங்கள், தண்ணீர் மாவட்டம், மருத்துவமனை மாவட்டம் என்று சொந்த வாரியமும் சொந்த வரியும் உள்ள அமைப்புகள் வேறு. மக்கள்தொகை 19 லட்சத்துக்கு மேல். கவுண்டி அரசின் ஆண்டு பட்ஜெட் மட்டும் 1,300 கோடி டாலரைத் தாண்டும்.

மேலோட்டமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். தெரு, குப்பை, கட்டட அனுமதி, பூங்கா, போலீஸ் எல்லாம் பொதுவாக நகரம். பொது மருத்துவமனை, ஏழைகளுக்கான உதவி, சிறை, தேர்தல், சொத்துப் பதிவு, பிறப்பு இறப்புச் சான்றிதழ் எல்லாம் கவுண்டி. ஆனால் விதிவிலக்குகள் நிறைய. கூப்பர்டினோவுக்கும் சாரடோகாவுக்கும் சொந்த போலீஸ் கிடையாது, கவுண்டி ஷெரிஃபுக்குப் பணம் கட்டி அந்தச் சேவையை வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் சன்னிவேலில் 1950 முதல் போலீஸும் தீயணைப்பும் ஒரே துறை, ஒரே ஆட்கள் இரண்டுக்கும் பயிற்சி பெற்றவர்கள்.

இன்னொன்று: 'சான் ஹோசே' என்று முகவரியில் இருந்தாலும் அந்த வீடு சான் ஹோசே நகரத்தில் இல்லாமல் இருக்கலாம். நகரத்துக்குள்ளேயே தீவு தீவாக, எந்த நகரத்திலும் சேராத பகுதிகள் இருக்கின்றன. பர்பாங்க், ஆலம் ராக் பக்கம் இப்படிப் பல தெருக்களைப் பார்க்கலாம். அங்கே பின்கட்டில் ஒரு அறை கட்ட வேண்டுமென்றால் அனுமதி கவுண்டியிடம் வாங்க வேண்டும், திருட்டு நடந்தால் ஷெரிஃப் வருவார். முன்பணம் கொடுக்கும்முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொத்து வரி ரசீதைப் படியுங்கள்

வீடு வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வேலை இது: விற்கிறவரிடம் கடைசி வருடத்துச் சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படியுங்கள். அந்த வீட்டுக்கு எந்தெந்த அமைப்பு சேவை தருகிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் காகிதம் வேறு இல்லை. எந்த ஆரம்பப் பள்ளி மாவட்டம், எந்த உயர்நிலைப் பள்ளி மாவட்டம், எந்தச் சமுதாயக் கல்லூரி, எந்த மருத்துவமனைக்குக் கடன் பத்திரம் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக அச்சாகியிருக்கும்.

தொகையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி, அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதம். அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஆனால் வீடு கைமாறும்போது வாங்கிய விலைக்கு மதிப்பு தாவிவிடும். அதனால் நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் பாட்டியின் ரசீதில் உள்ள தொகைக்கும், பக்கத்து வீட்டை நேற்று வாங்கியவர் கட்டப்போகும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். 16 லட்சம் டாலருக்கு வாங்கினால் அடிப்படை 16,000. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வீட்டு வசதிப் பத்திரங்கள் மேலே சேரும்போது மொத்தம் 1.1 முதல் 1.25 சதவீதம் வரை போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எல்லோரையும் திடுக்கிட வைப்பது துணை வரி ரசீது. வாங்கிய சில மாதங்கள் கழித்து, பழைய மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, ஆண்டின் மீதி நாட்களுக்கான வரி தனியாகத் தபாலில் வரும். பழைய மதிப்பு 4 லட்சம், உங்கள் விலை 16 லட்சம் என்றால் 12 லட்சத்துக்கு 1.2 சதவீதம், முழு வருடத்துக்கு 14,400 டாலர். எந்த மாதத்தில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து அதில் ஒரு பங்கு. பெரும்பாலும் இது வங்கிக்குப் போகாது, உங்கள் பெயருக்கே வரும். மாதத் தவணையிலேயே வரியும் அடங்கிவிட்டது என்று நினைத்து அந்த உறையைப் பிரிக்காமல் வைத்தவர்களை எனக்குத் தெரியும். வழக்கமான வரி இரண்டு தவணை: முதலாவதுக்கு டிசம்பர் 10 கெடு, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10. தாண்டினால் அபராதம். நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு. மிச்சம் என்னவோ 70 டாலர் அளவுதான், ஆனாலும் ஒருமுறை படிவம் கொடுத்தால் வருடாவருடம் கிடைக்கும்.

வாடகைக்கு வருகிறவர்களும் நகரத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும், வேறொரு காரணத்துக்காக. மவுன்டன் வியூவில் 2016-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாடு, 1995 பிப்ரவரிக்கு முன் கட்டிய அடுக்கு வீடுகளுக்குப் பொருந்தும். சான் ஹோசேயில் 1979 செப்டம்பருக்கு முன் கட்டியவற்றுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில் மாநிலச் சட்டம்தான். 15 வருடத்துக்கு மேல் பழைய அடுக்கு வீடுகளில், ஆண்டுக்கு 5 சதவீதமும் விலைவாசி ஏற்றமும் சேர்த்து, எப்படியும் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன் அந்தக் கட்டடம் எந்த வருடம் கட்டியது என்று கேளுங்கள்.

இந்த ஊரின் பிழைப்பு

கூகுள் மவுன்டன் வியூவில், ஆப்பிள் கூப்பர்டினோவில், என்விடியாவும் இன்டெலும் சான்டா கிளாராவில், சிஸ்கோவும் அடோபியும் சான் ஹோசேயில். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதற்கு அடியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றையும் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

முதலாவது, இது பழத்தோட்ட பூமி. 1950கள் வரை இங்கே காயவைத்து ப்ரூன் ஆக்கும் பிளம், ஏப்ரிகாட், செர்ரி மரங்கள்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. 'இதயம் மகிழும் பள்ளத்தாக்கு' என்று பெயர். பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலைகளில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். 1956-இல் வில்லியம் ஷாக்லி என்ற இயற்பியலாளர் மவுன்டன் வியூவில் செமிகண்டக்டர் ஆய்வகம் தொடங்கினார். அங்கிருந்து பிரிந்தவர்கள் 1957-இல் ஃபேர்சைல்டு என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்க, அதிலிருந்து வெளியேறியவர்கள் 1968-இல் இன்டெலைத் தொடங்கினார்கள். தோட்டங்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. தெற்கே மார்கன் ஹில், கில்ராய் பக்கம் இன்னும் விவசாயம் இருக்கிறது. சன்னிவேலிலும் சாரடோகாவிலும் நகரசபைகள் ஏப்ரிகாட் தோப்புகளைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. 2019-இல் சான் ஹோசேக்கும் மார்கன் ஹில்லுக்கும் நடுவிலுள்ள கொயோட்டி பள்ளத்தாக்கில் 937 ஏக்கரைக் கட்டடம் வராமல் தடுப்பதற்காகவே 9.3 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். அந்தச் செலவு சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் தொழிற்சாலைகள் விட்டுப்போனது ஒன்று உண்டு. சிப்பைக் கழுவப் பயன்படுத்திய டி.சி.இ. போன்ற கரைப்பான்கள் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்து நிலத்தடி நீரில் கலந்தன. 1980களின் தொடக்கத்தில் தெற்கு சான் ஹோசேயில் இது வெளியே வந்தபோது பெரிய கொந்தளிப்பு. இன்று மத்திய அரசு 'சூப்பர்ஃபண்ட்' என்று பட்டியலிட்டுச் சுத்தம் செய்யும் இடங்கள் இந்தக் கவுண்டியில் 23. அமெரிக்காவில் வேறெந்தக் கவுண்டியிலும் இத்தனை இல்லை. குழாய்த் தண்ணீர் பரிசோதிக்கப்பட்டுத்தான் வருகிறது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மண்ணிலிருந்து ஆவி மேலேறிக் கட்டடத்துக்குள் வரக்கூடும். மத்திய சுற்றுச்சூழல் முகமையின் தளத்தில் வரைபடம் இருக்கிறது. முகவரியைப் போட்டுப் பாருங்கள், குறிப்பாக மவுன்டன் வியூவில் மிடில்ஃபீல்டு சாலை, எல்லிஸ் தெரு பக்கம் பார்க்கிறவர்கள். முகவரி அந்த இடங்களுக்குள் வந்தால் கட்டடத்தில் ஆவித்தடுப்பு போட்டிருக்கிறார்களா, கடைசியாக எப்போது காற்றைச் சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது விஷயம் வேலை நிரந்தரமின்மை. ஒரே துறையை நம்பிய ஊர் இது. அந்தத் துறை தும்மினால் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். கலிஃபோர்னியாவில் 75 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் கும்பலாக ஆட்களைக் குறைத்தால் 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புகளை மாநில வேலைவாய்ப்புத் துறை கவுண்டி வாரியாகப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. வேலை மாறி வருகிறவர்கள் சேரும் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். எச்-1பி விசாவில் இருக்கிறவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பதால் இது வெறும் ஆர்வத்துக்குப் பார்க்கிற பட்டியல் இல்லை. சன்னிவேலில் நோவாவொர்க்ஸ் என்ற வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது. பயோடேட்டாவைத் திருத்தித் தருவது, நேர்காணல் பயிற்சி என்று எல்லாம் இலவசம். நம்மவர்கள் அங்கே போகக் கூச்சப்படுகிறார்கள், தேவையே இல்லை.

சம்பளத்தை மட்டும் பார்த்து வசதியைக் கணக்குப் போட வேண்டாம். நான்கு பேர் குடும்பத்துக்கான நடுத்தர வருமானம் என்று மத்திய வீட்டு வசதித் துறை 2024-இல் இங்கே வைத்த அளவு 1.8 லட்சம் டாலருக்கு மேல். அதே கவுண்டியில் ஏறக்குறைய 10,000 பேருக்கு வீடில்லை. செகண்ட் ஹார்வெஸ்ட் உணவு வங்கி பக்கத்து சான் மட்டேயோ கவுண்டியையும் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு உணவு தருகிறது. வரிசையில் நிற்கிறவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பள்ளி

தங்கையோடு அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். கவுண்டியில் 30-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அவற்றின் எல்லையும் நகர எல்லையும் வேறு வேறு. எங்கள் சன்னிவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி சன்னிவேல் பள்ளி மாவட்டம், தெற்கே ஒரு பகுதி கூப்பர்டினோ யூனியன், கிழக்கே ஒரு பகுதி சான்டா கிளாரா யூனிஃபைட். முதல் இரண்டிலும் 8-ஆம் வகுப்பு முடித்தவர்கள் ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறார்கள். எல்லோரும் பேசும் லின்புரூக் உயர்நிலைப் பள்ளி அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது, ஆனால் இருப்பது சான் ஹோசேயில். ஃப்ரீமான்ட் என்ற நகரமோ பக்கத்து அலமீடா கவுண்டியில் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டு விளம்பரத்தில் "கூப்பர்டினோ பள்ளி" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பள்ளி மாவட்டத்தின் தளத்தில் கதவு எண்ணோடு முகவரியைத் தட்டச்சு செய்து பாருங்கள், பிறகு மாவட்ட அலுவலகத்துக்கு ஃபோன் செய்து அந்தப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மாவட்டங்களுக்குள் பண வித்தியாசம் ஏன் வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர்ச் சொத்து வரியே மாநிலம் வைத்த அளவைத் தாண்டிவிட்டால் அந்தக் கூடுதல் பணம் அந்த மாவட்டத்துக்கே சொந்தம். பாலோ ஆல்ட்டோ, சான்டா கிளாரா யூனிஃபைட், ஃப்ரீமான்ட் யூனியன் எல்லாம் அப்படிப்பட்டவை. கிழக்கு சான் ஹோசேயின் ஆலம் ராக் போன்ற மாவட்டங்கள் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் தருவதை நம்பியிருக்கின்றன. பிள்ளைகள் குறைந்தால் பணமும் குறையும், பள்ளிகளை மூட வேண்டி வரும். வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறுவதால் கூப்பர்டினோ யூனியனே 2022-இல் ஆரம்பப் பள்ளிகளை மூடியது. ஆகவே பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்க்கும் அதே நேரத்தில் சேர்க்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். என் கருத்தில் மதிப்பெண்ணைவிட அதுதான் முக்கியம்.

சில சின்ன விஷயங்கள். 2025-26 முதல் செப்டம்பர் 1-க்குள் 4 வயது நிரம்பிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் மழலையர் முன்வகுப்பில் இடம் உண்டு. மாதம் பல ஆயிரம் டாலர் தனியார் காப்பகத்துக்குக் கொடுக்கிறவர்கள் இதை விசாரிக்காமல் விடாதீர்கள். காலை உணவும் மதிய உணவும் 2022-23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், வருமானம் கேட்க மாட்டார்கள். இந்தியாவில் போட்ட தடுப்பூசிகளின் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள், அது இல்லாமல் சேர்க்கை நகராது. தமிழ் படிக்க வார இறுதியில் கலிஃபோர்னியா தமிழ்க் கழகத்தின் வகுப்புகள் இருக்கின்றன.

கரண்ட், தண்ணீர்

பெரும்பாலான ஊர்களில் கம்பி பி.ஜி. அண்ட் இ. நிறுவனத்துடையது, மின்சாரத்தை மட்டும் நகரங்கள் கூடி அமைத்த பொது அமைப்பு வாங்கித் தரும். சன்னிவேல், கூப்பர்டினோ, மவுன்டன் வியூ பக்கம் சிலிக்கன் வேலி கிளீன் எனர்ஜி, சான் ஹோசேக்கு நகரத்தின் சொந்த அமைப்பு. ஆனால் சான்டா கிளாரா நகரம் 1896 முதலே தன் மின்வாரியத்தைத் தானே நடத்துகிறது. அங்கே யூனிட் விலை பி.ஜி. அண்ட் இ. விலையில் பாதிக்கும் கீழே. ஐம்பதுக்கும் மேற்பட்ட டேட்டா சென்டர்கள் அந்தச் சின்ன நகரத்தில் போய்க் குவிந்ததற்கு இது முக்கியக் காரணம். பாலோ ஆல்ட்டோ இன்னும் ஒரு படி மேலே: கரண்ட், கேஸ், தண்ணீர் மூன்றும் நகரத்துடையது. மின்சாரக் கார் வைத்திருக்கும் குடும்பம் இரண்டு வாடகை வீடுகளை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். மாதம் நூறு டாலருக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம்.

தண்ணீருக்கு மேலே இருப்பது வேலி வாட்டர் என்ற தனி மாவட்டம். அணைகளும் நிலத்தடி நீரும் அதன் பொறுப்பு, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது நகரமோ தனியார் நிறுவனமோ. வடக்கு நகரங்களுக்கு யோசெமிட்டியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ கொண்டுவரும் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத் தண்ணீரும் வருகிறது. இந்த மாவட்டம் உருவானதற்கே ஒரு காரணம் உண்டு. தோட்டங்களுக்கு வரைமுறையில்லாமல் நீரை இறைத்ததால், 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலிருந்து 1970 வரைக்குள் சான் ஹோசே நகர மையத்தின் தரை ஏறத்தாழ 13 அடி இறங்கிவிட்டது. அதைத் தடுக்கத்தான் மழைநீரையும் வெளியிலிருந்து வாங்கும் நீரையும் குளங்களில் தேக்கி நிலத்துக்குள் இறக்குகிறார்கள். வழியில் நீர் நிற்கும் பெரிய குட்டைகளைப் பார்த்தால் அதுதான் வேலை. மார்கன் ஹில் பக்கத்து ஆண்டர்சன் அணை நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2020-இல் காலி செய்யப்பட்டு, திரும்பக் கட்டும் வேலை நடக்கிறது.

உடம்புக்கு வந்தால்

நம்மவர்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது: கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டும் கைசரும் எல் கமீனோவும் இருக்கின்றன, கவுண்டி ஆஸ்பத்திரி நமக்கில்லை என்று. அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி நான் வாதாடுவேன். சான் ஹோசேயில் இருக்கும் சான்டா கிளாரா வேலி மெடிக்கல் சென்டர் முதல்நிலை விபத்துச் சிகிச்சை மையம். தீக்காயத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் தனிப் பிரிவு உண்டு. நெடுஞ்சாலையில் மோசமான விபத்து என்றால் யாராக இருந்தாலும் ஆம்புலன்ஸ் போகிற இடங்களில் இது ஒன்று. நடத்தியவர்கள் திவாலானபோது ஓ'கானர், கில்ராயின் செயின்ட் லூயிஸ் இரண்டையும் 2019-இல் கவுண்டி வாங்கியது. கிழக்கு சான் ஹோசேயின் ரீஜனல் மருத்துவமனையை 2025 ஏப்ரலில் வாங்கியது. வாங்காமல் விட்டிருந்தால் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கிறவர்கள் அவசரத்துக்கு எங்கே ஓடுவார்கள்? 2001-லேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும் மருத்துவக் காப்பீடு என்று நாட்டில் முதலில் இறங்கிய கவுண்டியும் இதுதான்.

இந்த மருத்துவமனைகள் ஓடுவது பெரும்பாலும் மத்திய அரசின் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடு) பணத்தில். 2025-இல் அந்தப் பணத்தை வெட்டும் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கவுண்டி மக்கள் விற்பனை வரியை 5 ஆண்டுகளுக்கு 0.625 சதவீதம் உயர்த்திக்கொள்ளச் சம்மதித்து வாக்களித்தார்கள். கடை ரசீதில் வரி கூடுதலாகத் தெரிந்தால் அதில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேலை போனால் செய்ய வேண்டியது: கம்பெனிக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அதிலிருந்து 60 நாளுக்குள் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிஃபோர்னியா தளத்தில் விண்ணப்பியுங்கள். வருமானம் குறைந்திருந்தால் அதே விண்ணப்பம் மெடி-கால் (மெடிக்கெய்டுக்குக் கலிஃபோர்னியாவில் உள்ள பெயர்) பக்கம் போகும். மெடி-காலுக்குக் கெடு கிடையாது, வருடம் முழுக்கச் சேரலாம். அதைக் கையாள்வது கவுண்டியின் சமூக சேவைத் துறை. குடியேற்ற நிலையைப் பொறுத்து விதிகள் மாறுவதால், யாரோ சொன்னதைக் கேட்டு ஒதுங்கிவிடாமல் நேரே அங்கேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்கலாம், காசு வாங்க மாட்டார்கள்.

போக்குவரத்து

கார் இல்லாமல் இங்கே முழுக்கச் சமாளிப்பது கடினம். ஆனால் இடம் பார்த்து வீடு எடுத்தால் ஒரே கார் போதும். கேல்ட்ரெயின் 2024 செப்டம்பரிலிருந்து சான் ஹோசே முதல் சான் ஃபிரான்சிஸ்கோ வரை மின்சாரத்தில் ஓடுகிறது, ரயில்கள் அடிக்கடி வருகின்றன. சான் ஹோசேக்குத் தெற்கே மார்கன் ஹில், கில்ராய்க்கு டீசல்தான், அதுவும் வேலை நாட்களில் ஒருசில ரயில்கள் மட்டும். விலை மலிவு என்று அங்கே வீடு பார்க்கிறவர்கள் காலை 7 மணிக்கு 101 நெடுஞ்சாலையில் ஒருமுறை வடக்கே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பார்ட் ரயில் 2020 ஜூனில் மில்பிடஸுக்கும் பெரியஸாவுக்கும் வந்தது. வி.டி.ஏ. பேருந்துகளில் எல் கமீனோ ரியல் சாலையில் ஓடும் 22-ம் 522-ம் நம்பகமானவை.

சாலையில் பள்ளம் இருந்தால் யாரிடம் சொல்வது என்பதும் சாலைக்குச் சாலை மாறும். லாரன்ஸ், சான் டோமாஸ், மான்டேகு போன்ற எக்ஸ்பிரஸ்வே சாலைகள் கவுண்டியுடையவை. 101, 280, 85 மட்டுமல்ல, எல் கமீனோவும் மாநிலத்துடையது. மற்ற தெருக்கள் நகரம்.

நூலகம், பூங்கா, கல்லூரி

நூலகத்திலும் மூன்று வகை. கூப்பர்டினோ, மில்பிடஸ், சாரடோகா, லாஸ் ஆல்ட்டோஸ், கேம்பல், மார்கன் ஹில், கில்ராய் எல்லாம் கவுண்டி நூலக மாவட்டம். சான் ஹோசேக்குத் தனி அமைப்பு. சன்னிவேல், மவுன்டன் வியூ, சான்டா கிளாரா, பாலோ ஆல்ட்டோவுக்கு ஊருக்கொன்று. கலிஃபோர்னியாவில் குடியிருந்தால் எல்லாவற்றிலும் அட்டை எடுக்கலாம், எடுத்து வையுங்கள். சான் ஹோசே நகர மையத்து மார்ட்டின் லூதர் கிங் நூலகம் நகரமும் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2003-இல் திறந்தது. பல்கலைக்கழகப் புத்தகங்களையும் பொதுமக்கள் எடுக்க முடியும்.

வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ நான் சொல்லும் இடம் சமுதாயக் கல்லூரி. டி ஆன்சா, ஃபுட்ஹில், மிஷன், எவர்கிரீன் வேலி என்று சுற்றிலும் இருக்கின்றன. எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம். முதலில் கட்டணம் உள்ளூர்க்காரர் கணக்கா வெளியூர்க்காரர் கணக்கா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் பல மடங்கு. மாநிலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருப்பதைக் காட்டும் காகிதங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அங்கே வேலை சுலபமாகும்.

கவுண்டி பூங்காக்கள் 50,000 ஏக்கருக்கு மேல். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் லாஸ் கேட்டோஸின் வசோனா ஏரிக்கு அழைத்துப் போங்கள், ஏற்றமில்லாத பாதை, நிழல், உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு. கால் வலுவுள்ளவர்களுக்கு அல்மடன் குவிக்சில்வர்: தங்க வேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு வேண்டிய பாதரசம் தோண்டிய மலை அது. மழைக்குப் பிறகு உவாஸ் கேன்யனில் அருவிகள் விழும். சில பூங்காக்களில் வாகனக் கட்டணம் உண்டு. ஹாமில்டன் மலை உச்சியில் 1888 முதல் இருக்கும் லிக் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக மறக்காதீர்கள், ஆனால் பாதை முழுக்க வளைவு. வாந்தி வரும் பிள்ளை என்றால் வயிற்றுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து அழைத்துப் போங்கள்.

நிலநடுக்கம், நெருப்பு, வெள்ளம்

இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். வீடு முடிவாகும்முன் செய்ய வேண்டிய வேலை இது. மலைச் சரிவில் வீடு என்றால் மாநிலத் தீயணைப்புத் துறையின் ஆபத்து மண்டல வரைபடத்தைப் பாருங்கள். மண்டலத்துக்குள் இருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் கை விரித்துவிடும், ஃபேர் பிளான் என்ற கடைசிப் புகலிடத்தில்தான் அதிக விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். காப்பீட்டு விலையை எழுத்தில் வாங்கிய பிறகே வீட்டுக்கு விலை சொல்லுங்கள். ஓடைக் கரை என்றால் வெள்ள வரைபடம். 2017 பிப்ரவரியில் கொயோட்டி ஓடை பெருகி சான் ஹோசேயில் 14,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் சேராது, நிலநடுக்கமும் சேராது, இரண்டையும் தனியாக வாங்க வேண்டும்.

1989 அக்டோபர் 17-இல் வந்த லோமா பிரியட்டா நிலநடுக்கத்தின் அளவு 6.9. அதற்கு முன் கட்டிய வீடு என்றால் அடித்தளத்தில் போல்ட் அடித்திருக்கிறதா, தண்ணீர் ஹீட்டரைச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா என்று பரிசோதகரிடம் கேளுங்கள். குடிவந்த வாரமே கவுண்டியின் அலர்ட் எஸ்.சி.சி. எச்சரிக்கைச் சேவையில் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். உயிர் ஆபத்துக்கு 911, மனம் தாங்க முடியாத நிலைக்கு 988, உணவு, வாடகை உதவி என்று எந்தக் கதவைத் தட்டுவது தெரியாவிட்டால் 211. கூட இருக்கும் அப்பா அம்மாவின் செல்ஃபோனிலும் இவற்றைப் பதிந்து கொடுங்கள். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வீட்டில் இருக்கப்போவது அவர்கள்.